நான்காம் நாள் மோர்

லோரியின் ஹாரன் மூன்று தடவை அலறியது. தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்த நாய்களெல்லாம் ஒன்றாகக் குரைத்தன. அடுப்பில் நெத்திலிச் சம்பலைக் கிளறிக்கொண்டிருந்த தனேஸ்வரி கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி. எண்ணெய் ஆலையில் சுமையை இறக்கிவிட்டு வெறுமையாக வந்திருந்தது. பின்தொட்டியில் பழைய மெத்தை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு பந்தய சைக்கிளைக் கிடத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுச் சாமான் வந்திருக்கு. எறக்கிக்க," என்று லோரிக்காரர் அப்பளசாமி மேலேயிருந்து கத்தினார்.

மறுபக்கக் கதவைத் திறந்து விமலன் இறங்கினான். தோளில் பை. வெயிலில் கறுத்த முகம். முழங்காலுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நான்கு மாதம் கழித்து மகனைப் பக்கத்தில் பார்க்கும் தனேஸ்வரிக்கு, அவன் இளைத்துப்போனதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"நாளைக்குத்தானய்யா வர்றேன்னு சொன்ன?"

"நாளைக்கு விருந்து வச்சிருக்காங்கம்மா, கிள்ளான்ல. ஜெயிச்சவனுங்களுக்கு மாலை, போட்டோ எல்லாம் இருக்கு. நான் போயி என்னா செய்யப் போறேன்? டவுன்ல மாமா லோரியப் பாத்தேன், ஏறிட்டேன்."

"பாத்தாராம்," என்றார் அப்பளசாமி. "ரோட்டோரமா சைக்கிளத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்து வர்றான் தங்கச்சி. ஓட்டிக்கிட்டு வரலாம்ல, எட்டு கிலோமீட்டர்தானேன்னேன். இன்னிக்கி இதுக்கு மேல மிதிச்சா செத்துருவேன் மாமாங்கிறான்."

வீட்டின் பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன் சத்தம் கேட்டதுமே விமலனின் அப்பா சிவானந்தம் கூடத்திலிருந்து எழுந்து பின்னால் போய்விட்டார். மத்தியானமே கழுவிக் கவிழ்த்து வைத்த தோட்டத்துக்குக் காலில் போடும் சப்பாத்தை எடுத்து, மறுபடியும் கழுவ ஆரம்பித்திருந்தார்.

"அப்பா சாப்பிட்டாரா?" என்று விமலன் கேட்டான்.

லோரியில் வரும்போதே அப்பளசாமி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

நேற்று நடந்தது இதுதான்.

ஐந்து நாள் சைக்கிள் பந்தயம். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவன்தான் முதல். முதல் மூன்று பேரைப் பெரிய குழு ஒன்று இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும். தைவானிலும் ஜப்பானிலும் போய் ஓட்டலாம். மூன்றாம் நாள் முடிந்தபோது விமலன் மூன்றாவது இடத்தில் இருந்தான். நான்காவது ஆளைவிடப் பதினான்கு விநாடி முன்னால்.

நான்காம் நாள் ஓட்டம் சுங்கை ஆயர் தாவாரில் புறப்பட்டு, கடலோரச் சாலையில் வந்து, புக்கிட் ரோத்தான் வழியாகப் போய் ஈஜோக்கில் முடியும் என்று தெரிந்ததும், சிவானந்தம் சாலையோரத்தில் பந்தல் போட்டுவிட்டார்.

பந்தல் போடுவது அந்த வீட்டுக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பங்குனி உத்திரத்துக்குத் தோட்டத்து முருகன் கோயிலுக்குக் காவடி போகும் சாலையில் அவர்களுடைய தண்ணீர்ப் பந்தல் இருக்கும். அதே நீலத் தார்பாய், அதே நான்கு கம்பு, அதே பெரிய பீப்பாய் நிறைய மோர். பந்தலுக்கு ஒரு முறை உண்டு. காவடி எடுத்தவன் நின்று கேட்க மாட்டான். அவனைக் கேட்க வைப்பதே பந்தல்காரனுக்குக் குற்றம். முகத்தைப் பார்த்து, தாகம் தெரிந்து, ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

மகனுக்கென்று தனேஸ்வரி தனியாக ஒரு போத்தல் தயார் செய்தாள். விமலன் பள்ளிக்கூடக் காலத்தில் வைத்திருந்த பழைய சைக்கிள் போத்தல். மூடியில் ஒழுகும். அதனால் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, போத்தல் வாயில் இழுத்துப் போர்த்தி, அதன்மேல் மூடியை இறுகத் திருகினாள். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தட்டிப் போட்ட மோர்.

அப்பளசாமி தன் பங்குக்கு உறுமி மேளம் கொண்டுவந்தார். பந்தயம் வருவதற்கு முன் ஒலிபெருக்கி வைத்த கார் ஒன்று வந்தது. கடைசி இருபது கிலோமீட்டரில் ஓட்டக்காரர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வாங்கியவனுக்குத் தண்டனை என்று அதில் மலாயில் சொல்லிக்கொண்டே போனார்கள். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. காரைப் பார்த்து எல்லோரும் கையை மட்டும் ஆட்டினார்கள்.

முதலில் பெருங்கூட்டமாக எண்பது சைக்கிள் பறந்தன. அதில் விமலன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக வந்தான். சக்கரம் பஞ்சராகி, மாற்றிப் போட்டுக்கொண்டு, விட்டதைப் பிடிக்க வந்துகொண்டிருந்தான். வாய் திறந்து, உதடு வெளுத்து, அசல் காவடிக்காரன் முகம். சிவானந்தம் போத்தலை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கி ஓடினார்.

அன்று சாயங்காலம் முடிவுத் தாள் கைப்பேசியில் வந்தது. விமலன் கூட்டத்தைப் பிடித்து அதோடு முடித்திருந்தும், அவன் பெயருக்கு எதிரே இருபது விநாடி தண்டம் போட்டிருந்தார்கள். இன்று கெர்லிங்கில் தொடங்கிய ஐந்தாம் நாள் ஓட்டம் கோல சிலாங்கூரில் கூட்டமாகவே முடிந்தது. யாருக்கும் நேரம் கூடவில்லை, குறையவில்லை. விமலன் நான்காவது. மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும் ஆறு விநாடி.

நேற்று சாயங்காலத்திலிருந்து சிவானந்தம் சாப்பிடவில்லை. இன்று மகனின் கடைசி ஓட்டத்தைப் பார்க்க லீவு எடுத்திருந்தவர், விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால் குலை ஒன்று முழங்காலில் விழுந்ததிலிருந்து அவருக்கு அறுவடை வேலை இல்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலைதான். மத்தியானம் திரும்பி வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மழை வந்துவிட்டது. அப்பளசாமி சைக்கிளை இறக்கிக் கூடத்தில் சாய்த்துவிட்டு, போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். விமலன் குளிக்கப் போனான். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சோப்பு பட்டுடுச்சாய்யா?" என்றாள் தனேஸ்வரி.

"ஆமாம்மா."

"புதுச் சோப்பு. எரியத்தான் செய்யும்," என்று சொல்லித் துண்டைக் கொடுத்தாள்.

கோல சிலாங்கூர்க் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கும் தங்கை உஷாராணி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். அண்ணனைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் சைக்கிளைத் தடவிப் பார்த்தாள்.

"சாரிண்ணே."

"நீ என்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலதான். அதான் சாரி. அந்த லவுட்ஸ்பீக்கர் கார் போனப்ப நான் போன்ல செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தேன். கவனிச்சிருக்கலாம்."

"அப்பிடிப் பாத்தா மேளம் கொண்டாந்தது யாரு?" என்று அப்பளசாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். "நான். தஞ்சோங் காராங்கிலேருந்து சொல்லி வச்சுக் கூட்டியாந்தேன். அடிங்கடான்னேன். அடிச்சானுங்க. குத்தத்துல பாதி எனக்கு வரணும். ஒங்கப்பன் மட்டும் முழுசா எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்னா நியாயம்?"

"நீங்க பாதி எடுத்தா, கறிவேப்பிலை போட்ட எனக்கு எவ்வளவுண்ணே?" என்றாள் தனேஸ்வரி.

"ஒனக்குக் காவாசி லா. மோரு நல்லா இருந்துச்சு. நானே நாலு தம்ளர் குடிச்சேன்."

விமலன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் தனேஸ்வரிக்கு மூச்சு விட முடிந்தது. ஆனால் பின்பக்கம் குழாய்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

உஷாராணி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நான் வீடியோ எடுத்தது இருக்கு. பாக்குறியா?"

"இப்ப எதுக்குடி அது?" என்றாள் தனேஸ்வரி.

"காட்டு," என்றான் விமலன்.

சின்னத் திரையில் நேற்றைய வெயில் அடித்தது. மேளம் அதிர்ந்தது. சிவானந்தம் ஒரு காலை இழுத்து இழுத்துச் சாலை நடுவே ஓடினார். ஒரு சிலிப்பர் கழன்று பின்னால் கிடந்தது. கையில் போத்தல். விமலன் நெருங்கியபோது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அப்பா நிற்கவில்லை, அவனோடு சேர்ந்து ஓடினார். அவருக்குப் பின்னால் நடுவர் மோட்டார் சைக்கிளும், மாற்றுச் சக்கரம் ஏற்றிய இரண்டு கார்களும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. விமலன் வேகத்தைக் குறைத்தான். கையை நீட்டினான். போத்தலை வாங்கிச் சட்டையின் முதுகுப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டான். சிவானந்தம் சாலையோரப் புல்லில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு வீடியோ நின்றது.

"நீ தலைய ஆட்டுறியேண்ணே," என்றாள் உஷாராணி. "வேணாம்னுதான?"

"கண்ணுல வேர்வை. ஒதறிவிட்டேன்."

"ஆமாவா?"

"வேற எதுக்கு ஆட்டுவாங்க? போயி டீ போடு."

அவன் எழுந்து பின்பக்கம் போனான். தனேஸ்வரி அடுக்களைச் சன்னல் அருகே போய் நின்றுகொண்டாள். அப்பளசாமியும் தேநீர் கேட்பதுபோல அங்கேயே வந்து நின்றார்.

தகரக் கூரைக்கு அடியில் குந்தியிருந்த சிவானந்தம் நிமிரவில்லை. சப்பாத்தின் அடியை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"வா."

"சப்பாத்து ஓட்டையாயிரும்பா."

"சேறு போவ மாட்டேங்குது."

விமலன் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தான். மழைத் தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது.

"ஆறு செகண்டு," என்றார் சிவானந்தம். "இருவதுல பதினாலு போனா ஆறு. ராவெல்லாம் அதான் ஓடுது. நான் ஓடாம நின்னிருந்தா நீ இப்ப சப்பான்காரன் கொடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு நிப்ப."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தாள்ல போட்டிருக்கான். காவடிக்கு ஓடுற மாதிரி ஓடிட்டேன்டா. ரூல்ஸ் இருக்கும்னு ஒரு மண்ணும் தோணல. ஒன் மூஞ்சியப் பாத்தேன், காலு தானா ஓடுது. நாலு மாசம் வீட்டுக்கு வராம, சோத்த நிறுத்துத் தின்னு, மழையில வெயில்ல மிதிச்சு... எல்லாத்தையும் ஒரு போத்தல்ல ஊத்தி மூடிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் குச்சியை எடுத்தார். விமலன் அதை அவர் கையிலிருந்து வாங்கி மழையில் எறிந்தான்.

"நான் ஒண்ணு கேக்குறேன். பஞ்சராகி நான் எவ்வளவு பின்னால வந்தேன் தெரியுமா?"

"ரொம்பத் தூரம்."

"ஒரு நிமிசத்துக்கு மேல. டீம் கார் வேற ஒருத்தனுக்குத் தண்ணி குடுக்க முன்னால போயிருச்சு. என்கிட்ட ரெண்டு போத்தலும் காலி. அசாம் ஜாவா தாண்டுறதுக்குள்ள எனக்குக் கை நடுங்கி, கண்ணு மங்கி, நான் நின்னுருப்பேன். அந்த நேரத்துல நீங்க வந்தீங்க. பாதி மோர ஒரே மடக்குல குடிச்சேன். அப்பறம்தான் கூட்டத்தப் புடிச்சேன். இல்லேன்னா இருவது செகண்டு போயிருக்காது. பத்து நிமிசம் போயிருக்கும். நாலாவது எடம் இல்ல, நாப்பதாவது எடம்."

அடுக்களைச் சன்னலில் தனேஸ்வரியின் கை கம்பியைப் பிடித்தபடி நின்றது.

சிவானந்தம் முதல் தடவையாக மகன் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்னா கெடைக்கப் போவுது? கோச்சுகிட்டக்கூடச் சொன்னேன். தண்டம் வாங்கினாலும் வாங்கினது சரின்னு சொன்னாரு."

"காரமா இருந்திருக்குமே."

"இருந்துச்சு. அந்தக் காரத்துலதான் கண்ணே தொறந்துச்சு."

சிவானந்தம் குழாயை மூடினார். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சப்பாத்தைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு எழப் பார்த்தார். முழங்கால் நிமிரவில்லை. விமலன் கை கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமலே நின்றார்.

"அந்தச் சப்பான் போச்சேடா," என்றார்.

"போச்சு," என்றான் விமலன். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தடுமாறியது. "இன்னிக்கிக் கடைசி மைல்ல எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்பா. வெட்டிக்கிட்டு ஓடுனேன், மூணு தடவ. மூணு தடவயும் புடிச்சிட்டானுங்க. கோட்டத் தாண்டி நின்னதும் வாந்தி வந்துச்சு. அப்பறம் ஒண்ணு தோணுச்சு. வலிச்ச வரைக்கும் மிதிச்சாச்சு. மிச்சம் வைக்கல. மிச்சம் வச்சுட்டுத் தோத்திருந்தாத்தான் தூக்கம் வராது."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் வரும். நாளைக்கு நான் ஒம்பது மணி வரைக்கும் தூங்குவேன். அதுக்கு அடுத்த நாளும் தூங்குவேன். இப்ப அம்மா என்னா வச்சிருக்காங்க? சம்பல் வாசம் லோரிக்கே வந்துச்சு."

"நெத்திலி. முருங்கைக்கீரை. கெம்போங் மீன் பொரிச்சிருக்கா," என்றார் சிவானந்தம். அவர் வாயிலிருந்து சாப்பாட்டின் பெயர் வந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அடுக்களையில் அப்பளசாமி மூக்கை உறிஞ்சினார். "வெங்காயம் உரிச்சியா தங்கச்சி?"

"உரிக்கலண்ணே."

"உரிச்ச மாதிரி இருக்கு."

நான்கு தட்டும் ஐந்தாவதாக அப்பளசாமிக்கு ஒரு தட்டும் கூடத்தில் பாய் விரித்து வைத்தாள் தனேஸ்வரி. விமலன் நான்கு மாதமாக எடை போட்டுச் சாப்பிட்டவன். எண்ணெய், தேங்காய்ப்பால், சர்க்கரை எதையும் தொடாதவன். இப்போது சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, சம்பலை ஊற்றிப் பிசைந்தான். இரண்டாவது மீனுக்குக் கை நீட்டும்போது அப்பாவின் தட்டைப் பார்த்தான். சிவானந்தம் வேகமாக, முள்ளைக்கூடச் சரியாக எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனேஸ்வரி இருவருக்கும் மாறி மாறிச் சோறு போட்டாள்.

"மச்சான், மெதுவா லா," என்றார் அப்பளசாமி. "மீனு எங்கயும் போவாது. செத்துப்போச்சு."

"நீ பேசாதடா. ஒன் மேளத்தாலதான் எல்லாம்."

"பாத்தியா, இப்பக் குத்தம் முழுசா என் பக்கம் வந்துருச்சு. வயிறு நெறைஞ்சா மனுசன் அப்பிடித்தான்." அவர் உஷாராணி பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் மேளம் வேணாம். ஒரு வெசில் குடு போதும்."

"அடுத்த வருசம் பந்தலே வேணாம் மாமா."

"பந்தல் போடுவோம்," என்றார் சிவானந்தம். "ஒலிபெருக்கிக் கார்க்காரனுக்கு முதல்ல மோரு. அவன் என்னா சொல்றான்னு கேட்டுக்கிட்டு, அப்பறம் மத்ததெல்லாம்."

எல்லோரும் சிரித்தார்கள். விமலன் சிரித்தபடியே கையைக் கழுவிவிட்டு வந்து, பாயிலேயே சாய்ந்தான். அப்பளசாமி லோரியைக் கிளப்பும் சத்தம்கூட அவனை எழுப்பவில்லை. உஷாராணி அவன் தலைக்கடியில் ஒரு தலையணையைத் தள்ளிவிட்டு அறைக்குப் போனாள்.

மழை விட்டிருந்தது. மேற்கே கடல் பக்கம் வானம் கொஞ்சம் வெளுத்து, வாசல் தண்ணீரில் மஞ்சள் அடித்தது. தனேஸ்வரி மகனின் பையிலிருந்த அழுக்குத் துணிகளைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். சிவானந்தம் பின்னால் வந்தார். பல் குத்திக்கொண்டே வந்தார். நேற்றிலிருந்து இப்போதுதான் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

"அந்தப் போத்தல் பையில இருக்கா பாரு தனேசு."

"எதுக்கு?"

"கழுவி அலமாரியில வைக்கணும். பாதி மோருதான்டா புள்ளைய நிமிர்த்தி விட்டுச்சுன்னு நாளைக்கித் தோட்டத்துல சொல்லுவேன்ல. என்கூடப் பழம் பொறுக்குற பங்களாதேசிப் பயலுவ ரெண்டு பேரு காலையிலேருந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் பேசாமயே வேல செஞ்சானுங்க."

"நான் கழுவி வைக்கிறேன். நீங்க போயிப் படுங்க," என்று தனேஸ்வரி அவசரமாகச் சொன்னாள்.

அதற்குள் அவர் பையை இழுத்துக் கையை விட்டுவிட்டார். காலுறைகளுக்கும் ஈரச் சட்டைக்கும் அடியிலிருந்து போத்தலை எடுத்தார். எடுத்தவுடனே அவர் கை கொஞ்சம் தாழ்ந்தது. கனமாக இருந்தது.

குலுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மூடியைத் திருகித் திறந்தார். தனேஸ்வரி இழுத்துப் போர்த்திய பிளாஸ்டிக் துண்டு போத்தல் வாயில் அப்படியே இருந்தது. உள்ளே மோர் பொங்கி, அது மேளத்தோல் மாதிரி உப்பியிருந்தது. ஒரு மடக்கு என்ன, ஒரு சொட்டு வெளியே வந்திருக்க வழியில்லை.

தனேஸ்வரி இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். அவர் முகம் மறுபடியும் நேற்றைப்போல ஆகிவிடுமோ என்று பார்த்தாள். சிவானந்தம் கூடத்துப் பக்கம் திரும்பினார். பாயில் விமலன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒரு கால் இன்னும் மிதிப்பதுபோல லேசாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு மூடியை மெல்லத் திருகிப் போத்தலை மனைவியின் கையில் கொடுத்தார். அவர் உதட்டோரத்தில், சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே சிரிப்பு.

"புளிச்சிருச்சு, கீழ ஊத்திடு. அவன் கேட்டா, பாதிதான் இருந்துச்சுன்னு சொல்லு."